கல்லுக்கடியில் விட்ட கணு

கலாராணியின் வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. எழும்பியிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டிய அவசியமே வந்திருக்காது.

கொழுந்து பறிக்கிறவளுக்கு விரல்தான் முக்கியம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். தேயிலைப் பெட்டியின் படத்திலும் விரலைத்தானே காட்டுகிறார்கள். ஆனால் முக்கியமானது தோள். தலையில் கயிறு மாட்டி முதுகில் தொங்கவிட்ட கூடைக்குள், திரும்பிப் பார்க்காமலே கொழுந்தை வீச வேண்டும். காலையிலிருந்து பொழுது சாயும்வரை அதே வீச்சு. பத்தொன்பது வருஷம் அப்படி வீசிக்கொண்டிருந்த கலாராணி, ஒரு மார்கழி மழையில் மலைச்சரிவில் வழுக்கி, கீழே மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் போய் விழுந்தாள். மடுல்சீமைக்கு மேலே இருக்கிற அந்தத் தோட்டத்து ரோட்டில் மழைக்காலத்தில் லொறி ஏறாது. மறுநாள் மத்தியானம்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடிந்தது. விலகிய தோள் ஏதோ ஒரு மாதிரியாகப் பொருந்தி, அப்படியே நின்றுவிட்டது.

கொழுந்து பறிக்க முடியாதவளைத் தோட்டம் என்ன செய்யும்? புல்லுவெட்டுக்கு அனுப்பும். குனிந்து, கத்தியாலும் சுரண்டியாலும் தேயிலைக்கடியில் மண்டும் களையை எடுக்கிற வேலை. அந்தக் கேங்கில் பதினான்கு பெண்கள். ஒருத்திக்கு முழங்கால் மடங்காது, ஒருத்தியைக் குளவி கொட்டி ஒரு கண் பாதி மூடியே கிடக்கும், இன்னொருத்திக்குக் கர்ப்பப்பையை எடுத்த பிறகு பாரம் தூக்கக் கூடாது. கொழுந்து மலைக்காரிகள் அந்தக் கேங்குக்கு வைத்திருந்த பெயர் ஆஸ்பத்திரிக் கேங்கு. பதினான்கு பேரும் அதைக் கேட்டுச் சிரித்துக்கொள்வார்கள். அழுதால் மட்டும் என்ன ஆகப்போகிறது?

ஆனாலும் அது வேலை. பெரட்டுக்களத்தில் காலையில் பேர் கூப்பிட்டால் "இருக்கேங்க" என்று சொல்ல ஓர் இடம் இருந்தது. தோட்டத்தில் அதுதான் எல்லாம். லயத்தில் குடியிருக்கிற காம்பராவின் கூரைத் தகரம் பறந்துபோய்விட்டது என்று ஆபீசுக்குப் போனால், அவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "வீட்டுல யாரு வேலை?" என்பதுதான். கலாராணியின் புருஷன் செத்து ஏழு வருஷம். மகன் ரஜீவ் எல்ல என்கிற ஊரில் வெள்ளைக்காரர்கள் தங்குகிற ஹோட்டலில் படுக்கைத் துணி துவைக்கிறான், வந்தால் வருவான். அவளுடைய காம்பராவுக்கு அவளுடைய பேர்தான் தூண்.

புல்லுவெட்டில் பெரிய எதிரி ஒரு கொடி. தோட்டத்தில் அதற்குத் தனிப் பெயர் கிடையாது. கொடி என்றால் அதுதான். எங்கோ வேற்று நாட்டில் பிறந்து எப்படியோ வந்து சேர்ந்தது. இளம் பச்சை இலை, பார்க்க அப்பாவி. ஒரு மாதம் கண்ணை மூடினால் தேயிலைச் செடியின் தலைமேல் ஏறி, போர்வை போட்டு மூடிவிடும். செடி வெயிலைக் காணாமல் உள்ளுக்குள்ளேயே செத்துப்போகும். களைக்கொல்லியை அரசாங்கம் தடை செய்த வருஷங்களில் அது மலை மலையாக ஏறியது. தடை நீங்கியபின் மருந்தின் விலை ஏறியது. அதனால் ஆஸ்பத்திரிக் கேங்குக்கு மதிப்பு வந்தது.

இனி ஒரு ரகசியம். அந்தப் பதினான்கு பேருக்கும் கங்காணி அழகருக்கும் மட்டுமே தெரிந்தது.

அந்தக் கொடிக்குக் கணுவுக்குக் கணு வேர் உண்டு. விரல் நீளத் துண்டு ஈரத்தில் கிடந்தால் போதும், மறுபடி கிளம்பிவிடும். அதனால் புல்லுவெட்டுக்காரி ஒவ்வொருத்தியும் ஒரு நிரையை முடிக்கும்போது கானோரமாக ஒரு கல்லைத் தூக்கி, அதற்கடியில் நல்ல கணு ஒன்றை வைத்து, கல்லைத் திரும்ப வைப்பாள். அதற்கு மிச்சம் வைப்பது என்று பேர். யாரும் அதைக் களவாக நினைத்ததில்லை. மலை முழுசும் சுத்தமாகிவிட்டால் அடுத்த மாதம் கூப்பிட ஆள் இருக்காது. சோற்றுப் பானையில் விதைநெல்லைச் சேர்த்து வேகவைக்கிற பைத்தியக்காரி உண்டா? அவ்வளவுதான். துரைமார் கல்லைத் தூக்கிப் பார்க்க மாட்டார்கள். அவர்கள் நடக்கிற பாதை வேறு.

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் ஷிப்னா வந்தாள்.

பதுளையில் கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பெண். பூச்சிகளைப் பற்றிப் படித்து, ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் வேலை. முக்காடும் பெரிய கண்ணாடியும் போட்டுக்கொண்டு, சேறு பூசிய ஜீப்பில் வந்து இறங்கினாள். பழைய பெரட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நுண்ணிய வலையால் ஒரு வீடு கட்டினார்கள். அதற்குள் இரட்டைக் கதவு. உள்ளே போகிறவர்கள் வெளியே வரும்போது உடுப்பை உதறி, ஒரு பூச்சிகூட ஒட்டிக்கொண்டு வராமல் பார்க்க வேண்டும். அவள் கொண்டுவந்தது மிளகளவு ஒரு வண்டு. கறுப்பில் செம்புள்ளி. கொடி எந்த நாட்டிலிருந்து வந்ததோ அதே நாட்டில் அதைத் தின்று வாழ்கிற வண்டு.

கண் கூர்மையாக, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பெண் வேண்டும் என்றாள் ஷிப்னா. எட்டாம் வகுப்பு வரை படித்த கலாராணியைத் தோட்டத்துத் துரை அனுப்பினார். தோள் போனவள்தானே, மலையில் குறைந்தால் நஷ்டமில்லை என்று எண்ணியிருப்பார்.

வேலை புதுசாக இருந்தது. ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியிலும் ஒரு செடி, பத்து வண்டு. தேயிலை ஒன்றில், பீன்ஸ் ஒன்றில், கோவா, தக்காளி, முருங்கை, கல்யாண முருங்கை என்று ஷிப்னாவின் பட்டியலில் நாற்பதுக்கு மேல். எந்த இலையில் எத்தனை கடி, எத்தனை முட்டை, எத்தனை சாவு என்று தினமும் பார்த்து எழுத வேண்டும்.

"இத்தனை செடி எதுக்கு மிஸ்? கொடியத் திங்குதான்னு பாத்தாப் போதாதா?" என்று முதல் வாரமே கலாராணி கேட்டாள்.

"கொடியத் திங்கும்டு தெரியும் அக்கா. வேற என்னத்தத் திங்கும்டுதான் தெரியணும்," என்றாள் ஷிப்னா. "மருந்து பிழையாப் போனா நிப்பாட்டலாம். பூச்சிய ஒருக்கா வெளிய விட்டா விட்டதுதான். திருப்பிப் பிடிக்க ஏலாது. வேற நாடுகள்ல அப்பிடி விட்டுட்டுத் தலையில கை வச்சிட்டு ஈக்கிறாங்க."

கலாராணிக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது. பொய் சொல்லத் தெரியாதவள், பகட்டில்லாதவள், வண்டு செத்தால்கூட முகம் வாடுகிறவள். ஆனால் அந்த வண்டைப் பிடிக்கவில்லை. கொடியை அது தின்கிற வேகம் அப்படி. காலையில் பச்சையாக இருந்த இலை மறுநாள் சல்லடை. அதற்கு மறுநாள் நரம்பு மட்டும். இது வெளியே போனால் பதினான்கு பேருக்கும் பெரட்டுக்களத்தில் என்ன வேலை என்பது அவளுக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது.

அதற்குப் பிறகு அவள் பார்த்த வேலையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பட்டியலில் இல்லாத செடிகளையெல்லாம் அவளாகவே தேடிக் கொண்டுவந்தாள். லயத்துத் தோட்டத்திலிருந்து செவ்வந்தி, கோயிலடியிலிருந்து துளசி, கான்கரையிலிருந்து வல்லாரை, ஆட்டுக்குப் போடுகிற தழை. "இதெல்லாம் எங்க சனம் வளக்குறது மிஸ், இதையும் வச்சுப் பாருங்க." ஷிப்னா மகிழ்ந்துபோனாள். இவ்வளவு அக்கறையான உதவியாள் நிலையத்தில்கூட இல்லை என்று துரையிடமே சொன்னாள். கலாராணியின் அக்கறை என்ன என்பது கலாராணிக்குத்தான் தெரியும். ஏதாவது ஒன்றை அது தின்றுவிட வேண்டும். ஒரே ஒரு செவ்வந்தி இலையில் ஒரு கடி கிடைத்தால்கூடப் போதும். ஆபத்து என்று எழுதி, பெட்டியை மூடி, வந்த விமானத்திலேயே ஏற்றிவிடுவார்கள்.

"கடிச்சுத் தொலையேன்," என்று யாருமில்லாத நேரத்தில் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்து கெஞ்சியிருக்கிறாள். "பீன்ஸ் எலதான, என்ன கொறஞ்சு போயிருவ?"

அது தின்னவில்லை. பீன்ஸ் இலைமேல் ஏறி, சுற்றிப் பார்த்து, இறங்கி, பெட்டி மூலையில் போய் உட்கார்ந்து, பட்டினி கிடந்து செத்தது. தேயிலையிலும் அப்படியே. செவ்வந்தியிலும் அப்படியே. கொடியைத் தவிர வேறெதையும் தொட மாட்டேன் என்று ஒரு வீம்பு. கலாராணி உள்ளதை உள்ளபடி எழுதினாள். கடி இல்லை. கடி இல்லை. கடி இல்லை. ஒரு இடத்தில் நகத்தால் இலையைக் கிள்ளிவிட்டு "கடி" என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? நினைக்காமல் இல்லை. ஆனால் ஷிப்னா ஒவ்வொரு இலையையும் பெரிதாக்கிப் பார்க்கிறவள். அதைவிட, அந்தப் பெண் அவளை நம்பினாள்.

பெட்டிச் சோதனை முடிந்ததும் மலையில் மூன்று துண்டு நிலம் அளந்தார்கள். மூன்றிலும் தேயிலை, மூன்றிலும் கொடி. ஒன்றின்மேல் பெரிய வலைக்கூடாரம் போட்டு வண்டை விட்டார்கள். ஒன்றைச் சும்மா விட்டார்கள். மூன்றாவதைக் கையால் வெட்டச் சொன்னார்கள். அதற்குக் கங்காணி அழகர் தன் கேங்கைக் கொண்டுவந்தார்.

"எப்புடி வெட்டணும் மிஸ்?" என்று அழகர் கேட்டார்.

"வழமையா எப்பிடி வெட்டுவீங்களோ, அப்பிடியே வெட்டச் சொல்லுங்க. ஒண்டும் கூடவும் வேணாம், குறையவும் வேணாம்," என்றாள் ஷிப்னா. ஆராய்ச்சிக்கு அதுதான் நியாயம். அந்த நிமிஷம் அந்த நிலம் எதற்கு என்று கேங்குக்கு யாரும் சொல்லவில்லை. கலாராணி வலைவீட்டுக்குள் வண்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

வழக்கம்போல் வெட்டினார்கள். வழக்கம்போல் கல்லைத் தூக்கினார்கள்.

மத்தியானம் தேத்தண்ணி குடிக்க வந்த ரெங்கம்மா, வலைவீட்டுக் கதவோரம் நின்று கலாராணியைக் கூப்பிட்டாள். ஐம்பத்தேழு வயசு. குளவி கொட்டி ஒரு கண் பாதி மூடிக்கொண்டவள் அவள்தான். கலாராணி கெட்டுப்போன தோளோடு புல்லுவெட்டுக்கு வந்த முதல் நாள், தன் நிரையை விட்டுவிட்டு வந்து இவள் நிரையில் பாதியை வெட்டிக் கொடுத்தவள்.

"அடியே, அந்தத் துண்டுல கொடி எண்ணுறது நீதானாமே?"

"ஆமாக்கா. வாரா வாரம் எண்ணணும்."

"அதான் பாத்தேன். ஒவ்வொரு கல்லுக்கும் ரெண்டு மூணு கூடவே வச்சுட்டு வந்துருக்கேன். எண்ணுறதுக்குக் கொடி இருந்தாத்தான ஒனக்கு இங்கன வேல இருக்கும்? அந்த வெயில்ல நீ திரும்ப வந்து குனியணுமா?" என்று சொல்லி, இருக்கிற ஒன்றரைக் கண்ணால் சிரித்தாள்.

கலாராணியால் சிரிக்க முடியவில்லை. அந்தத் துண்டு நிலம் வண்டுக்கும் கைக்கும் வைத்த போட்டி என்று அவளுக்கு முதல் நாளே ஷிப்னா படம் போட்டுக் காட்டியிருந்தாள். கேங்குக்குச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஏன் தோன்றாமல் போனது? வெட்டப்போவது நாளைக்கு என்று நினைத்திருந்தாள். அழகர் ஒரு நாள் முந்திக்கொண்டார். இப்படி ஓர் அற்பக் காரணத்துக்காகத்தான் மனுஷர்கள் கெட்டுப்போகிறார்கள்.

ஓடிப்போய்க் கல்லையெல்லாம் புரட்டிக் கணுக்களைப் பொறுக்கிவிடலாமா என்று பார்த்தாள். ஆனால் நிலத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, ஷிப்னா நடுவில் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆறு வாரம் போனது. நல்ல மழை. வலைக்கூடாரத்துக்குள் கொடி வெறும் காய்ந்த கயிறாகத் தொங்க, தேயிலை வெளிச்சம் கண்டு துளிர்த்திருந்தது. கையால் வெட்டிய துண்டில் ஒவ்வொரு கல்லையும் சுற்றிப் பச்சை கிளம்பி, அது செடிமேல் கை வைத்து ஏற ஆரம்பித்திருந்தது. கலாராணி எண்ணினாள். எண்ணி எழுதினாள். ரெங்கம்மாவின் அன்பைத்தான் ஒவ்வொரு வாரமும் எண்ணி எழுதினாள்.

கூட்டம் துரை பங்களாவில் நடந்தது. ஆராய்ச்சி நிலையத்துப் பெரியவர்கள் கொழும்பிலிருந்து வந்திருந்தார்கள். செடிப் பெட்டிகளைத் தூக்கிக் காட்டுவதற்காகக் கலாராணியையும் கூப்பிட்டிருந்தார்கள். அவள் சுவரோரம் நின்றாள். கதிரை இருந்தது, உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

ஷிப்னா சுவரில் வெளிச்சம் போட்டுக் காட்டினாள். இடது பக்கம் ஆபத்து, வலது பக்கம் நன்மை. அந்தப் பெண் எதையும் மறைக்கவில்லை. ஆபத்துப் பக்கத்தை முதலில் எடுத்தாள். வெளியே விட்டால் திருப்பி எடுக்க முடியாது. ஐம்பத்திரண்டு செடியில் பார்த்திருக்கிறோம், நாட்டில் ஆயிரக்கணக்கில் செடி இருக்கிறது. பனி கூடிய மேல் மலையில் வண்டு நிலைக்குமா தெரியாது. கொடி போன இடத்தில் வேறொரு களை வந்து குந்திக்கொள்ளலாம். கொடியை ஆட்டுக்கு வெட்டிப் போடுகிற லயத்துச் சனங்களுக்குத் தழை குறையும். அதைக்கூட எழுதியிருந்தாள்.

பிறகு நன்மை. தேயிலை பிழைக்கும். ஓடைத் தண்ணீரில் மருந்து கலக்காது. மருந்து அடிக்கிறவர்களின் உடம்பு கெடாது. காட்டோரத்தில் சிறு மரங்கள் மூச்சு விடும். எல்லாம் உண்மைதான், கலாராணிக்கே மறுக்கத் தோன்றவில்லை. கடைசி வரி வந்தது: புல்லுவெட்டுக் கூலி மிச்சம்.

அந்த வரி வலது பக்கம் இருந்தது. நன்மைப் பக்கம். கலாராணி அதை இரண்டு தரம் வாசித்தாள். பதினான்கு பேரும் மிச்சமாகிற நன்மை. ஆட்டுக்கு இடது பக்கத்தில் ஓர் இடம் கிடைத்தது, ரெங்கம்மாவுக்குக் கிடைக்கவில்லை.

துரை கேட்டார், "கையால வெட்டினா என்ன ஆகுது?"

"ஆறு கிழமையில பத்துக்கு ஏழு பங்கு திரும்ப வந்திட்டுது சேர்," என்றாள் ஷிப்னா.

துரை நாற்காலியில் சாய்ந்தார். நல்ல மனிதர்தான், கத்த மாட்டார். கத்தாதவர்கள் சொல்வது ஆழமாக இறங்கும். "இத்தனை வருசமா நாங்க காசு குடுத்து வளக்கிறது கொடியத்தானா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சுவரோரம் திரும்பினார். "கலாராணி, நீயும் அந்தக் கேங்குல இருந்தவதானே. ஏன் அப்படித் திரும்ப வாறது?"

எல்லார் கண்ணும் அவள்மேல். இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவளைக் கடவுள் அங்கே நிறுத்தியிருந்தார் என்றால், அவருக்கு வேறு வேலை இல்லை. என்ன சொல்வது? நாங்கள் வேண்டுமென்றேதான் மிச்சம் வைத்தோம், சரியாக வெட்டச் சொன்னால் இந்த வண்டைவிடச் சுத்தமாக எங்களால் வெட்ட முடியும், இந்தக் கணக்கே பிழை என்று சொன்னால் சோதனை நிற்கும். ஆனால் பதினான்கு பேரும் இத்தனை வருஷமாகத் தோட்டத்தை ஏமாற்றினார்கள் என்று அன்றைக்கே பேர் வெட்டுவார்கள். அழகருக்கும் சேர்த்து. சொல்லாவிட்டால் வண்டு வந்து, மெதுவாக, மரியாதையாக அதே வேலையைச் செய்யும்.

"கொடியோட கொணமே அப்புடித்தாங்க தொரை," என்றாள்.

"பாத்தீங்களா," என்று துரை கொழும்புக்காரர்களைப் பார்த்துச் சொன்னார்.

வைகாசியில் வண்டை விட்டார்கள். கங்காணி அழகர் தேங்காய் உடைத்தார், துரை பெட்டியைத் திறந்தார். தொழிற்சாலைப் பக்கத்திலிருந்து பிள்ளைகள் வந்து கைதட்டினார்கள். வண்டுகள் உடனே பறந்துவிடவில்லை. பெட்டி விளிம்பில் கொஞ்ச நேரம் நடந்து, பிறகு ஒவ்வொன்றாகப் போயின. கலாராணி ஒவ்வொன்றையும் கண்ணாலேயே திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

புல்லுவெட்டுக் கேங்கை யாரும் நிறுத்தவில்லை. அப்படியெல்லாம் நிறுத்துவது பழைய பழக்கம். "வேல இருந்தாக் கூப்புடுறோம்," என்றார்கள். முதலில் வாரத்துக்கு நாலு நாள், பிறகு இரண்டு, பிறகு தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள். தொழிற்சங்கத்துக்காரர் வந்து பார்த்துவிட்டு, கொடி இல்லாத மலையில் எப்படிப் போராட்டம் நடத்துவது என்று கேட்டுவிட்டுப் போனார். ரெங்கம்மா கொழுந்து மலைக்குப் போய்ப் பார்த்தாள். அந்த ஒன்றரைக் கண்ணுக்குக் கொழுந்தும் முற்றலும் ஒன்றாகத் தெரிந்தது. நிறுக்கிற இடத்தில் பாதியைக் கொட்டிவிட்டார்கள். நாலாம் நாள் அவள் போகவில்லை. லுணுகலைப் பக்கம் ஒரு தங்கச்சி மகள் வீட்டில் பிள்ளை பார்க்கப் போவதாகச் சொல்லி, ஒரு பையோடு பஸ் ஏறினாள். மற்றவர்களும் ஒவ்வொரு பக்கமாகப் போனார்கள்.

கலாராணி ஒரு நாள் ஷிப்னாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வலைவீட்டுக்குள், இரட்டைக் கதவுக்கு நடுவில், உடுப்பை உதறிக்கொண்டிருந்தபோது. கல், கணு, ரெங்கம்மா கூடுதலாக வைத்த இரண்டு மூன்று, எல்லாம்.

ஷிப்னா கண்ணாடியைக் கழற்றினாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஏனக்கா அண்டைக்கே சொல்லல்ல?"

"சொல்லிருந்தா அன்னைக்கே எங்க பேர வெட்டிருப்பாங்க மிஸ்."

"வண்டு நல்லா வேல செய்யிறது உண்மைதான். ஆனா கையால வெட்டுறது பிரயோசனமில்லண்டு நான் எழுதினது பொய்யாப் போச்சே. அத வச்சித்தானே முடிவெடுத்தாங்க." கண்ணாடியை முக்காட்டு நுனியால் துடைத்தாள். "நானும் கேக்கல்ல. எப்பிடி வெட்டுறீங்கண்டு கேட்டேன். ஏன் அப்பிடி வெட்டுறீங்கண்டு கேக்கல்ல."

"இப்ப திருத்தி எழுதுனா?"

"எழுதுறேன். கட்டாயம் எழுதுறேன். ஆனா அக்கா..." அவள் வலைக்கு வெளியே மலையைப் பார்த்தாள். முடிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. வண்டுக்குத் திருத்தம் வாசிக்கத் தெரியாது.

பிறகு ஷிப்னா மெதுவாக இன்னொன்று சொன்னாள். வண்டும் கொடியை முழுசாகத் தின்று முடிக்காதாம். தின்று முடித்தால் தன் குஞ்சுக்குத் தீனி இல்லை. எப்போதும் கொஞ்சம் எஞ்சும், அதில் பிழைத்துக்கொள்ளும். அதை ஆராய்ச்சிக்காரர்கள் நல்ல குணம் என்று எழுதுகிறார்களாம்.

கலாராணிக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. வண்டு செய்தால் நல்ல குணம். நாங்கள் செய்தால் களவு. அதைச் சொல்லாமல் விட்டாள். சொன்னால் அந்தப் பெண் அழுதுவிடுவாள் என்று தோன்றியது.

ஷிப்னா எழுதினாளாம். மேலே ஒருவர், பலன் நன்றாக இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கோப்பில் வைத்தாராம். கேங்கைக் காட்டிக்கொடுக்காமல் எழுதியதால் யாருக்கும் தண்டனையும் வரவில்லை, வேலையும் திரும்ப வரவில்லை.

கலாராணிக்கு மட்டும் வேலை நிலைத்தது. மற்றத் தோட்டங்களும் வண்டு கேட்டன. வண்டு வளர்க்க வேண்டும், வண்டுக்குத் தீனி வேண்டும். மலையிலோ கொடி அருகிவிட்டது. அதனால் பெரட்டுக் கொட்டகைக்குப் பின்னால் பந்தல் போட்டு, பைகளில் நல்ல மண் நிரப்பி, கொடிக்கென்று ஒரு நாற்றுமேடை வைத்தார்கள். பதினோரு வருஷம் கொடி வெட்டிய கலாராணி இப்போது கொடி நடுகிறாள். காலையில் தண்ணீர் ஊற்றுகிறாள். எரு போடுகிறாள். இலை பழுத்தால் கவலைப்படுகிறாள். எந்தக் கணு நன்றாக வேர் பிடிக்கும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையே இருக்கவில்லை.

போன தை மாதம் ரெங்கம்மா வந்தாள். அவளுடைய காம்பராவை வேலையில் இருக்கிற ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கப்போகிறார்கள், சாமான்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். சாமான் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பெட்டி, இரண்டு பானை, சாமிப் படம். அவற்றைக் கட்டி லயத்து வாசலில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் கலாராணியைப் பார்க்க நாற்றுமேடைக்கு வந்தாள்.

பிள்ளை சுகமா, தோள் எப்படி என்று கேட்டுக்கொண்டார்கள். ரெங்கம்மா அந்த வரிசைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். பந்தல் ஓரத்தில், பையிலிருந்து வழிந்து பாதையில் ஓடிய ஒரு கொடி அவள் காலில் தட்டியது. பேசிக்கொண்டே குனிந்தாள். அவள் நினைத்துச் செய்யவில்லை. அந்தக் கை அத்தனை வருஷம் அதைத்தான் செய்தது. கொடியை அடியோடு பிடித்து ஒரு சுண்டு சுண்டினாள், வேரோடு வந்துவிட்டது.

"அக்கா! புடுங்காதீங்க!"

கலாராணி கத்திவிட்டாள். மலையில் வேலைக்காரரை அதட்டுகிற தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் குரல் தன் தொண்டையிலிருந்து வந்ததைக் கேட்டு அவளே திகைத்து நின்றாள்.

ரெங்கம்மா தன் கையில் தொங்கிய கொடியைப் பார்த்தாள். கோபப்படவில்லை. குனிந்து, பக்கத்தில் கிடந்த கல்லைத் தூக்கி, அந்தக் கணுவை அதன் அடியில் வைத்து, விரலால் மண்ணை அமுக்கி, கல்லைத் திரும்ப வைத்தாள். வழக்கம்போல. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் வளத்துருக்க," என்றாள். "வர்றேன்டி, பஸ்ஸு போயிரும்."

ஒன்பதாம் நாள் அந்தக் கல்லோரம் துளிர் வந்தது. வேறு எந்தப் பையிலும் இல்லாத கொழுகொழுப்பு. அதைக் கிள்ளி வண்டுப் பெட்டிக்குள் போடக் கலாராணிக்கு மனசு வரவில்லை. இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் இலை போதவில்லை, கிள்ளிப் போட்டாள்.